அரை, கால், அரைக்கால், மாகாணி

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகிற பாதையில் வடமதுரை இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் இந்த ஊரைத் தாண்டி விடுவார்கள். ஆடித் திருவிழாவை முன்னிட்டுச் சௌந்தரராஜப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள்தான் நின்று இறங்குவார்கள். நாமும் சென்ற ஆடியில் அப்படித்தான் இறங்கினோம். பெருமாள் சேவை சீக்கிரமே கிடைத்து விட்டது. ஆனால் அன்று பொழுது சாய்கிற வரையில் நம்மை ஊரை விட்டுக் கிளம்ப விடாமல் ஒரு கடிதம் பிடித்து வைத்துக் கொண்டது.

கடிதம் நமக்கு வந்ததல்ல. நம் பழைய நண்பர் ஒருவருடைய புதல்விக்கு வந்தது. நண்பர் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் ரஸாயனத்தில் எம்.எஸ்ஸி. தேறியவள். மனித உடம்பின் உட்புறத்தைப் படமெடுப்பதற்கு உதவும் கதிரியக்க ரஸாயனத்தில் ஆராய்ச்சி செய்ய ஒரு சர்வகலாசாலையில் ஸ்தானம் காலியாக இருப்பதாகவும், நேரில் வந்து பேசிப் போகும்படியும் கடிதம் சொல்லிற்று.

வீடு மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தது. தகப்பனாருக்குப் பெருமை பாதி, கவலை பாதி. தாயாருக்கோ 'கதிரியக்கம்' என்ற சொல்லே வயிற்றைக் கலக்கியது. எண்பத்தைந்து வயதான அப்பத்தா மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருந்தார். "போட்டோப் பிடிக்கிறதுக்கு ரஸாயனம் படிச்ச பொண்ணு எதுக்கு?"

"நீங்கள் பத்திரிகைக்காரர், நாலும் தெரிந்தவர். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று நண்பர் வழக்கை நம்மிடம் ஒப்படைத்தார். நாலில் நமக்கு இரண்டரைதான் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னோம், மிச்சத்தைப் பெண்ணே சொன்னாள். இம்மாதிரிக் கடிதம் நேயர்களில் யாருடைய வீட்டுக் கதவையும் தட்டலாம். ஆகையால் அன்று பேசியதை இங்கே எழுதி வைக்கிறோம்.

ஒற்றன் பிறந்த கதை

ஹங்கேரி தேசத்தில் பிறந்தவர் ஜார்ஜ் டி ஹெவெஸி. 1911-ஆம் வருஷத்தில் அவர் மாஞ்செஸ்டர் நகரில் ரூதர்போர்டு என்னும் மகா விஞ்ஞானியிடம் வேலை பார்த்தார். ஈயத்தோடு கலந்து கிடந்த 'ரேடியம்-டி' என்ற கதிரியக்கப் பொருளைத் தனியே பிரித்துத் தரும்படி ரூதர்போர்டு சொன்னார். ஹெவெஸி மாதக் கணக்கில் முட்டி மோதிப் பார்த்தார், பிரியவே இல்லை. பிரியாததற்குக் காரணம் பிற்பாடு தெரிந்தது. ரேடியம்-டி என்பதும் ஈயமேதான்! ரஸாயன குணத்தில் இம்மி வித்தியாசம் கிடையாது. கதிர் வீசுவது ஒன்றுதான் வித்தியாசம்.

வேறொருவராக இருந்தால் தலைவிதியை நொந்து கொண்டு ஊர் திரும்பியிருப்பார். ஹெவெஸியோ தோல்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிரிக்கவே முடியாதென்றால் அதையே ஒற்றனாக வைத்துக் கொள்ளலாம் அல்லவா? ஈயம் போகிற இடமெல்லாம் இந்த ஒற்றனும் கூடப் போவான். போன இடத்திலிருந்து கதிர் மூலம் சமாசாரம் அனுப்புவான். 1913-ல் பானெத் என்ற நண்பருடன் சேர்ந்து இந்த முறையை ஹெவெஸி வெளியிட்டார். முப்பது வருஷம் கழித்து, 1943-ஆம் வருஷத்து ரஸாயன நோபல் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது.

அதே மாஞ்செஸ்டரில் நடந்ததாக ஒரு வேடிக்கையும் சொல்வார்கள். ஹெவெஸி தங்கியிருந்த விடுதியின் அம்மாள், ஞாயிற்றுக்கிழமை மிச்சமான மாமிசத்தை வார நடுவில் வேறு வேஷம் போட்டுப் பரிமாறுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அம்மாளோ சத்தியம் செய்தாள். ஒரு ஞாயிறன்று தட்டில் மிச்சம் வைத்த உணவில் ஹெவெஸி துளி கதிரியக்கப் பொருளைச் சேர்த்து விட்டார். சில நாள் சென்று புதிதாகச் செய்ததென்று ஒரு பதார்த்தம் வந்தது. கருவியை அருகில் கொண்டு போனதும் குட்டு வெளிப்பட்டது!

"நேத்து இட்டிலி இன்னிக்கு உப்புமா ஆகுறது எல்லா ஊரிலேயும் உண்டு போலிருக்கு" என்றார் அப்பத்தா. கதிரியக்க ரஸாயனத்தில் அவருடைய முதல் பாடம் முடிந்தது.

உள்ளே ஏற்றும் விளக்கு

எக்ஸ்ரே எடுக்கும்போது வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறோம். எலும்பின் நிழல் விழுகிறது. நிழலிலே உருவம் தெரியும். உள்ளே நடக்கும் காரியம் தெரியாது. அணு வைத்தியத்தில் முறை நேர்மாறானது. விளக்கை உடம்புக்கு உள்ளேயே அனுப்பி விட்டு, அது எங்கே போய் நிற்கிறதென்று வெளியிலிருந்து பார்க்கிறார்கள்.

புற்றுநோய்க் கண்டத்துக்குச் சர்க்கரையில் பேராசை உண்டு. ஆகவே சர்க்கரையின் அணுக் கூட்டத்தில் ஓரிடத்தை மாற்றி, அங்கே ப்ளோரின்-18 என்னும் கதிரியக்க அணுவை உட்கார வைக்கிறார்கள். இந்த வேஷதாரிச் சர்க்கரையை ஊசி மூலம் ஏற்றினால் பேராசைக்கார உயிரணுக்கள் அதை வாரி விழுங்குகின்றன. விழுங்கிய பிறகு மேற்கொண்டு ஜீரணிக்க முடிவதில்லை. வெளியே விடவும் முடிவதில்லை. ப்ளோரின் அணு சிதையும்போது பாஸிட்ரான் என்னும் துகள் புறப்படுகிறது. அது அருகிலுள்ள எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கதிர்களாகின்றன. நோயாளியைச் சுற்றி வளையம்போல் அமைந்த யந்திரம் அந்த இரட்டைக் கதிர்களைப் பிடித்து, அவை பிறந்த இடத்தைக் கணக்கிட்டுப் படமாக்குகிறது. மூத்திரப் பையும் மூளையும் இயற்கையாகவே ஒளிரும். ஒளிரக் கூடாத இடத்தில் ஒளி தெரிந்தால் வைத்தியர் விழித்துக் கொள்கிறார்.

அப்பத்தாவின் கேள்விக்கு இதுவே விடை. படமெடுப்பது யந்திரம், ஆனால் எதைப் படமெடுப்பது என்று தீர்மானிக்கிறவர் ரஸாயனக்காரர். சர்க்கரையில் விளக்கை வைத்தால் ஒரு படம். எலும்பை நாடிப் போகிற பொருளில் வைத்தால் வேறு படம்.

மாகாணி கணக்கு

இந்த இடத்தில் நண்பரின் மனைவி மெதுவாக ஒன்று சொன்னார். அவருடைய தமையனாருக்குச் சென்ற வருஷம் இந்தப் படம் எடுக்க வேண்டியிருந்தது. விடியுமுன்னே புறப்பட்டுப் பட்டினியாகவே நகரத்துக்குப் போய்க் காத்திருந்தாராம். முற்பகலில் ஒருவர் வந்து, "இன்று மருந்து வரவில்லை; நாளைக்கு வாருங்கள்" என்று சொன்னாராம். "மருந்தை வாங்கி அலமாரியில் வைத்திருக்கக் கூடாதா? அவ்வளவு அலட்சியமா?" என்று கேட்கையில் அந்த அம்மாளின் குரல் தழுதழுத்தது.

அலட்சியத்தைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அலமாரியைப் பற்றிச் சொல்ல முடியும். ப்ளோரின்-18 என்பது அலமாரியில் நிற்கிற சரக்கல்ல. சுமார் 110 நிமிஷத்தில் அது பாதியாகி விடும். அடுத்த 110 நிமிஷத்தில் அந்தப் பாதியில் பாதி. உறையில் போட்டாலும், பனிக்கட்டியில் புதைத்தாலும், இரும்புப் பெட்டியில் பூட்டினாலும் அது நிற்காது.

சென்னையில் காலை 6 மணிக்கு மருந்து தயாராகி, மோட்டாரில் வடமதுரைக்குப் புறப்படுகிறதென்று வைத்துக் கொள்வோம். 7-50க்குத் திண்டிவனத்துப் பக்கம் வரும்போது பாதி. 9-40க்குப் பெரம்பலூரை நெருங்குகையில் பாதியில் பாதி. 11-30க்குத் திருச்சியருகே அதிலும் பாதி. பிற்பகல் 1-20க்கு வடமதுரையில் வந்து நிற்கும்போது...

"அரை, கால், அரைக்கால், மாகாணி!" என்று அப்பத்தா முடித்தார். அவருடைய ஐயா திண்ணையில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்த எண்சுவடி வாய்ப்பாடு அது. "பதினாறு பேருக்குப் புறப்பட்ட மருந்து ஒரு ஆளுக்குத்தான் காணும், அப்படித்தானே தம்பி?"

அப்படியேதான். 'அரை ஆயுள்' என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருப்பது நம் பெரியோர் வாய்ப்பாட்டில் பத்திரமாக இருக்கிறது. 1976-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தச் சர்க்கரையை முதல் முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். அப்போது அதை நியூயார்க் ராஜ்யத்திலுள்ள புரூக்ஹேவன் ஆராய்ச்சிச் சாலையில் தயாரித்துச் சிறு ஆகாய விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டு போனார்கள். பிறந்த நாளிலேயே அந்த மருந்துக்கு ஓட்டம் விதிக்கப்பட்டு விட்டது!

ஆகவே இதைச் செய்கிறவர்களின் வேலை விடியற்காலைக்கு முன்பே தொடங்குகிறது. சைக்ளோட்ரான் என்னும் யந்திரம், விசேஷமான ஆக்ஸிஜன் கலந்த சில மில்லிலிட்டர் நீரின்மேல் புரோட்டான்களை மோத விடுகிறது, ப்ளோரின்-18 பிறக்கிறது. ஈயச் சுவருக்குப் பின்னால், கைபடாமல், அதைச் சர்க்கரையோடு இணைத்துச் சுத்தம் செய்து, பரீட்சித்து அனுப்ப வேண்டும். அன்று காலையில் யந்திரம் படுத்து விட்டால் அன்றைய நோயாளிகள் அத்தனை பேரும் பட்டினியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பசு கட்டும் வித்தை

கரைந்து போகிற சரக்கைத் தூரதேசத்துக்கு எப்படி அனுப்புவது? நம் கிராமத்தார் வெகு காலமாகச் செய்கிற உபாயம் ஒன்று இருக்கிறது. பால் கெட்டுப் போகும் என்றால் பாலை அனுப்புவானேன்? பசுவையே ஓட்டிக் கொண்டு போய்க் கட்டி விட்டால் போயிற்று!

இதையேதான் விஞ்ஞானிகளும் செய்தார்கள். 'பசு' என்றே அதற்குச் செல்லப் பெயரும் வைத்தார்கள். மூலகங்களின் வரிசையில் 43-வது ஆசனம் நெடுங்காலம் காலியாகக் கிடந்தது. 1937-ல் ஸெக்ரே, பெர்ரியர் என்ற இரு இத்தாலியர்கள் அதற்குரிய மூலகத்தைக் கண்டு பிடித்தார்கள். அமெரிக்காவில் லாரென்ஸின் சைக்ளோட்ரானிலே அடிபட்டுப் பழசாய்ப் போன மாலிப்டினத் தகடு ஒன்றிலிருந்து அது கிடைத்தது. செயற்கையாக உண்டானதால் டெக்னீஷியம் என்று பெயரிட்டார்கள். இன்று உலகில் அணு வைத்தியப் படங்களில் மிகுதியானவை இந்தக் குப்பையில் கிடைத்த மாணிக்கத்தைக் கொண்டே எடுக்கப்படுகின்றன. எலும்பு, இருதயம், சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றுக்கும் இதுவே விளக்கு.

படமெடுக்கிற டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி. ஆனால் அதைப் பெற்றெடுக்கும் தாயான மாலிப்டினம்-99க்கு 66 மணி. தாயை அலுமினாத் தூள் நிரப்பிய சிறு குழாயில் நிறுத்தி, ஈயக் கவசம் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விடுகிறார்கள். காலையில் குழாய் வழியே உப்பு நீரை விட்டால் தாய் அங்கேயே தங்கி விடும். கன்று மட்டும் நீரோடு இறங்கி வரும். மறுநாள் காலைக்குள் மடி மறுபடி நிறைந்து விடும். ஒரு வாரத்தில் பசுவின் சக்தி சுமார் ஆறில் ஒரு பங்காக வற்றிப் போகும். வேறு பசு வர வேண்டும்.

பசு வராத வருஷமும் உண்டு. உலகத்துக்கு வேண்டிய மாலிப்டினத்தை விரல் விட்டு எண்ணக் கூடிய சில பழைய அணு உலைகளே உண்டாக்கி வந்தன. அவற்றில் ஒன்று கனடா தேசத்தில் சாக் ரிவர் என்னும் இடத்தில் 1957 முதல் வேலை செய்தது. 2009-ஆம் வருஷம் மே மாதத்தில் அதில் கனநீர் கசிந்து உலை நின்றது. மறு ஆகஸ்டு வரையில் திறக்கவில்லை. நடுவில் சில மாதம் ஹாலந்தின் உலையும் பழுது பார்க்க மூடப்பட்டது. பணத்துக்குக் குறைவில்லாத தேசங்களில் கூட நோயாளிகள் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். பணம் கொடுத்தால் எதுவும் வரும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

நம் தேசம் என்ன செய்தது?

1948-ல் பாரத அரசாங்கம் முதல் அணுசக்திக் கமிஷனை அமைத்தபோது அங்கத்தினர் மூன்றே பேர். பாபா, பட்நாகர் இவர்களோடு மூன்றாமவர் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். வடமதுரைக்கு அவர் தூரத்து மனிதரல்ல.

1956 ஆகஸ்டு 4-ந் தேதி டிராம்பேயில் அப்ஸரா என்னும் அணு உலை எழுந்தது. 1963-ல் பம்பாயில் கதிர் வைத்திய நிலையம் ஏற்பட்டது. இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் அங்கேதான் 2002-ல் ஓடத் தொடங்கிற்று. 2018-ல் கல்கத்தாவில் அதைவிடப் பெரியதொன்று வேலைக்கு வந்தது. டெக்னீஷியப் பசுக்களை மும்பையை அடுத்த வாஷியிலிருந்து கதிர்-ஐஸோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் அனுப்பி வருகிறது. நம் கல்பாக்கத்திலும், அங்குள்ள சோதனை வேக உலையைக் கொண்டு, எலும்பில் பரவிய புற்றுநோயின் வேதனையைத் தணிக்கும் ஸ்ட்ரான்ஷியம்-89ஐ உண்டாக்கிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். 2005-ல் ஏற்பட்ட ஹோமி பாபா தேசீய சர்வகலாசாலையின் அங்கமாக இருப்பதால், கல்பாக்கத்தில் வேலை செய்துகொண்டே டாக்டர் பட்டமும் பெறலாம்.

இவ்வளவும் இருந்தும் மாகாணிக் கணக்கு மாறவில்லை. பம்பாயில் மலை போல் மருந்து குவித்தாலும் வடமதுரை வருவதற்குள் அது கரைந்து விடும். மற்ற சரக்குகளில் சுதேசியம் என்பது நம் மானத்தைப் பொறுத்தது. இந்தச் சரக்கிலோ சுதேசியம் என்பது இயற்கையின் விதி. தேசத்துக்குள் செய்தால் மட்டும் போதாது. ஜில்லாவுக்கு அருகில் செய்ய வேண்டும்.

ஸ்தானத்தில் என்ன வேலை?

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம். அதில் குறித்த வேலை புதுப் பசுக்களுக்கேற்ற புதுப் பாத்திரங்களைச் செய்வது என்று பெண் சொன்னாள். ஜெர்மேனியம்-68 என்று ஒரு தாய் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 271 நாள். அதன் கன்றாகிய காலியம்-68க்கு 68 நிமிஷம். இந்தப் பசுவை ஒரு தடவை கட்டினால் பல மாதங்கள் கறக்கும். சைக்ளோட்ரான் இல்லாத ஊரிலும் பாஸிட்ரான் படம் எடுக்கலாம். விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் காலியம் தானாக எந்த நோயையும் தேடிப் போகாது. அதைத் தூக்கிச் சென்று புராஸ்டேட் புற்றையோ வேறொன்றையோ சரியாக ஒட்டிக் கொள்ளும் பொருளை ரஸாயனக்காரர் அமைக்க வேண்டும். அதையும் 68 நிமிஷத்துக்குள் அரை வீதம் கரைந்து விடும் முன் கலந்து முடிக்க வேண்டும்.

இதில் இன்னொரு அதிசயம். ஒரு நோயாளிக்குச் சாதாரணமாகச் செலுத்தும் ப்ளோரின்-18 எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் பத்தாயிரம் பங்காக்கினால் வருவதில் ஏறக்குறைய ஒன்று. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கும் தெரியாது. கதிர் மட்டுமே சாட்சி. கண்ணாடிக் குப்பியின் சுவரில் ஒட்டிக் கொண்டு விட்டால் கூட அன்றைய வேலை வீண். பத்து நாளில் எட்டு நாள் தோல்வி காணத் துணிந்தவர்களே இதற்கு லாயக்கு. ஹெவெஸியின் கதையை முதலில் சொன்னது அதற்காகத்தான்.

சம்பள விஷயத்தையும் மறைப்பதற்கில்லை. இளம் ஆராய்ச்சியாளருக்கு மத்திய சர்க்கார் கொடுக்கும் உபகாரச் சம்பளம் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். சில வருஷங்களுக்குத்தான்; பிறகு நிரந்தர உத்தியோகம் கிடைக்குமென்று யாரும் முத்திரை போட்டுக் கொடுப்பதில்லை. நண்பரின் கவலை நியாயமானதே.

தாயாரின் பயம்

"உடம்புக்கு ஆபத்தில்லையா?" என்றார் தாயார். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளுவது பாபம்.

ஆபத்து உண்டு. ரேடியத்தைக் கண்ட மேரி க்யூரி அம்மையார் 1934-ல் இரத்த நோயால் காலமானார். செயற்கைக் கதிரியக்கத்தைக் கணவருடன் சேர்ந்து கண்டு, 1935-ல் நோபல் பரிசு பெற்ற அவருடைய புதல்வி ஐரீனும் 1956-ல் அவ்வாறே மறைந்தார். 1950 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்து அணு ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தவர் அந்த ஐரீன் அம்மையார்தான். அந்தத் தலைமுறை பாதுகாப்பில்லாமல் உழைத்தது. அவர்கள் கொடுத்த விலையில் நாம் அறிவு வாங்கினோம்.

இன்று விதிகள் இருக்கின்றன. ஊழியர் பெறும் கதிரின் அளவு ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லி ஸீவர்ட்டைத் தாண்டக் கூடாது. மார்பிலும் விரலிலும் அணிந்த சிறு கருவி கணக்கு வைக்கிறது. கர்ப்பிணிகளுக்கு விதி இன்னும் பன்மடங்கு கடுமையானது. தற்காப்புக்கு மூன்றே சூத்திரம்: சீக்கிரம் முடி, தூர நில், ஈயத்துக்குப் பின்னால் இரு. தூரம் இரட்டித்தால் கதிர் காலாகக் குறையும். நெருப்புக்கு அருகில் நின்று தினமும் சமைக்கிறவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. அடுப்புக்குப் பயந்து யாரும் அரிசியைப் பச்சையாகத் தின்பதில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக் கொண்டுதான் அடுப்பை மூட்டுகிறோம்.

அந்தி மயங்கியது. கோயில் மேளம் கேட்டது. யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அப்பத்தாதான் பேசினார்.

"ஏன் தம்பி, அந்தப் பசுவிலே ஒண்ணை நம்ம திண்டுக்கல்லிலே கட்டக் கூடாதா?"

"கட்டலாம் ஆத்தா. பசுவைப் பணம் கொடுத்து வாங்கி விடலாம். கறக்கத் தெரிந்த கையை வாங்க முடியாது. அதை வருஷக் கணக்கில் பழக்கித்தான் எடுக்க வேண்டும்" என்றோம்.

அப்பத்தா சற்று நேரம் பேத்தியின் கைகளைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "ஒங்க அண்ணன் பட்டினியோட திரும்பி வந்தாரே, அன்னிக்கு இந்த மாதிரி இன்னொரு கை இருந்திருந்தா ஆகாதா?" என்று கேட்டார்.

தாயார் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ரயில் அட்டவணை இருந்தது.